கொட்டாஞ்சேனையில் பதின்மூன்றாவது பிரதி

கொழும்பு வெள்ளவத்தையில் எந்தக் குறுக்குத் தெருவில் இறங்கி நடந்தாலும் அது தண்டவாளத்தில் போய் முடிகிறது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கடல். வெள்ளிக்கிழமை காலை ஏழு பத்துக்கு நான் பெட்டியோடு நின்ற தெருவும் அப்படித்தான். கோட்டை ரயில் நிலையத்துக்குப் போகும் ரயில் ஒன்று கடலை ஒட்டிப் போனது. வாசலில் தொங்கியவர்கள் எல்லோரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருச்சியில் ரயில் காவிரிப் பாலம் ஏறினால் உறங்குகிறவனும் எழுந்து ஜன்னலுக்கு வருவான். இவ்வளவு பெரிய கடலை ஒருவரும் திரும்பிப் பார்க்காதது எனக்கு முதல் ஆச்சரியம். உடனே நின்ற இடத்திலேயே நாட்குறிப்பை எடுத்து எழுதிவிட்டேன்.

நான் கையேடுகளை மொழிபெயர்ப்பவன். தண்ணீர் மோட்டார், மாவரைக்கும் இயந்திரம், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, எதுவானாலும் அதோடு பெட்டிக்குள் வரும் சிறு புத்தகத்தின் தமிழ்ப் பகுதி என்னைப் போன்ற ஒருவர் எழுதியதாக இருக்கும். கொழும்பில் ஒரு சிறிய தொண்டு நிறுவனம், கைப்பேசியில் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்வது எப்படி என்ற கையேட்டை என்னிடம் தந்து தமிழாக்கச் சொன்னது. செய்துகொடுத்தேன். அச்சாகி வந்ததும், கொழும்பின் வடக்கே கொட்டாஞ்சேனையில் அவர்கள் நடத்தும் வகுப்புக்கு வந்தவர்கள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர்த் தமிழ்?" என்று கேட்டிருக்கிறார்கள். நான்கு நாள் வந்து வகுப்பில் உட்கார்ந்து நீங்களே திருத்திக் கொடுங்கள் என்று அழைப்பு வந்தது. ஐம்பத்து நான்கு வயதில் முதல் வெளிநாடு. மறுப்பேனா?

அலுவலகம் ஒரு புடவைக் கடைக்கு மேலே இருந்தது. கதவில் பெயர்ப்பலகை இல்லை. கதவைத் திறந்த பெண்ணின் பெயர் கோகிலா என்று வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து வெள்ளவத்தையில் வளர்ந்தவர், முப்பத்தைந்து வயதிருக்கும், அங்கே எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்கிறவர்.

"வாங்கோ அண்ணா. சாப்பிட்டனீங்களே? இல்லையெண்டா முதல் சாப்பாடு, பிறகுதான் கதை."

இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி, சம்பல் வந்தன. இடியப்பம் திருச்சியில் இருப்பதைவிட மெல்லியது, அடுக்கடுக்காக வருகிறது. எட்டு சாப்பிட்டேன். சொதியைக் குடித்துவிடலாம் போலிருந்தது; கோகிலா உள்ளே போன சமயம் குடித்தும்விட்டேன்.

அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை அன்று பகல் முழுவதும் பார்த்தேன். யாருடைய முகநூல் பக்கமாவது முடக்கப்பட்டால் எந்த உத்தரவின்பேரில் முடக்கினார்கள் என்று எழுத்தில் கேட்கிறார்கள். ஒரு பதிவுக்காக விசாரணைக்கு அழைக்கப்பட்டவருக்கு வழக்கறிஞரைத் தேடிக் கொடுக்கிறார்கள். புதிய சட்ட மசோதா வந்தால் வரிவரியாகப் படித்து, எந்த வரி யார் வாயை அடைக்கும் என்று மூன்று மொழியிலும் எழுதிக் கொடுக்கிறார்கள். சனி ஞாயிறுகளில் வகுப்பு. நான்கே பேர் இவ்வளவையும் செய்கிறார்கள் என்பது எனக்கு உற்சாகமாக இருந்தது. மோட்டார் கையேடு எழுதும்போது வராத உற்சாகம் அது.

ஒரு விஷயம் மட்டும் ஒப்பவில்லை. வகுப்புக்கு வருகிறவர்களின் பெயரை அவர்கள் எழுதிக்கொள்வதே இல்லை. வாசலில் ஒரு ஜாம் போத்தல், பக்கத்தில் ஒரு கிண்ணம் புளியங்கொட்டை. வருகிறவர் ஒரு கொட்டையை எடுத்துப் போத்தலில் போட்டுவிட்டு உள்ளே போவார். முடிவில் கொட்டையை எண்ணி, இத்தனை பேர் வந்தார்கள் என்று அறிக்கை எழுதுகிறார்கள்.

"பெயர் இல்லாமல் என்ன பதிவேடு இது?" என்று கேட்டேன்.

"இல்லாத லிஸ்டை ஒருத்தராலயும் களவெடுக்க ஏலாது அண்ணா."

வகுப்புக்குள்ளும் உண்மைப் பெயர் கிடையாது. ஆளுக்கொரு தின்பண்டத்தின் பெயர். அதைத்தான் சொல்ல வேண்டும், அதைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். நான் பார்வையாளன்தானே, எனக்கெதற்கு என்று நான் பெயர் வைத்துக்கொள்ளவில்லை.

மாலையில் கோகிலா கடற்கரையோரக் காலிமுகத்திடலுக்குக் கூட்டிப்போனார். காற்றாடிகள், குழந்தைகள், வரிசையாக வடை வண்டிகள். வடையின் மேல் முழு இறாலை மீசையோடு ஒட்டிப் பொரித்துத் தருகிறார்கள். நான் சைவம், பருப்பு வடை வாங்கினேன். வடை தரப்பட்ட தாளைப் பார்த்தேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருவரின் கணக்குப் பரீட்சைத் தாள். பெயர், வகுப்பு, சிவப்பு மையில் முப்பத்து நான்கு மதிப்பெண், அதன் கீழ் 'கவனம் போதாது' என்று ஆசிரியரின் குறிப்பு.

"இங்க கடலையும் வடையும் இப்பிடித்தான் சுத்தித் தருவினம்," என்றார் கோகிலா. "பழைய கொப்பி, ஒபிஸ் கடிதம், எல்லாம் கடைசியா வண்டிக்குத்தான் வரும். பாருங்கோ, இந்தப் பிள்ளைக்குக் கணக்கு வராதெண்டு இப்ப உங்களுக்கும் தெரியும்."

நான் சிரித்தேன். அந்தப் பிள்ளை இரண்டாவது கணக்கைச் சரியாகவே போட்டிருந்தது; அதையும் குறித்துக்கொண்டேன்.

*

சனிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குத் தனியாகப் பேருந்தில் போவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். காலி வீதி என்ற நெடுஞ்சாலையில், கொட்டாஞ்சேனை வழியாகப் போகும் மட்டக்குளிப் பேருந்தில் ஏறினேன். ஏறினேன் என்பதைவிட, நடத்துநர் என்னை உள்ளே அள்ளிப் போட்டார் என்பதே சரி. "இஸ்ஸரஹாட்ட யன்ன!" என்று அவர் என் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார். முன்னால் போ என்று பொருளாம். முன்னால் போகப் போக ஓட்டுநரின் மடியில் உட்காரவேண்டியதுதான் பாக்கி. கொட்டாஞ்சேனை வந்ததும் இறங்க வேண்டும் என்று தமிழில் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். பேருந்து கொட்டாஞ்சேனையைத் தாண்டிப் போயேவிட்டது.

பக்கத்தில் நின்ற பெண், கையில் ஒரு ஃபைலும் தோளில் ஒரு பையுமாக, என்னைப் பார்த்துச் சொன்னார்: "சேர், தலைய ஆட்டினா கேட்டதெண்டுதான் அர்த்தம். நிப்பாட்டுறன் எண்டு அர்த்தமில்ல. நானும் உங்கள மாதிரியே மாட்டிட்டன், இறங்குங்க, நடப்போம்."

இறங்கி நடந்தோம். பேராலயத்தின் பெரிய குவிமாடம் கூரைகளுக்கு மேல் தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு வழி தவறாமல் நடக்கலாம் என்றார். ஒரு பேக்கரியைத் தாண்டும்போது, பாண் என்று இங்கே சொல்லும் ரொட்டியின் வாசம் பிடித்து நிறுத்தியது. அவர் போகிற இடமும் நான் போகிற இடமும் ஒன்றே என்று மண்டப வாசலில் புளியங்கொட்டைக் கிண்ணத்தில் அவர் கை வைத்தபோதுதான் தெரிந்தது.

வகுப்பில் பன்னிரண்டு பேர். தொதல் ஒருவர், பால் அப்பம் ஒருவர், மாலு பாண் ஒருவர். மீன் வைத்த பாணுக்கு இங்கே சிங்களத்தில் அந்தப் பெயர், தமிழரும் அப்படியே சொல்கிறார்கள். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டும் பெரிய உடம்புக்காரர் தன்னைத் தேன்குழல் என்று அறிமுகப்படுத்திக்கொண்டதும் மண்டபமே குலுங்கியது. பேருந்தில் வந்த பெண் முறுக்கு.

பெயரெல்லாம் சரிதான், ஆனால் எல்லோரும் ஒரே வட்டாரம். ஒரே தேவாலயத்துக்கும் ஒரே கோயிலுக்கும் போகிறவர்கள். ஐந்து நிமிடத்துக்கொருமுறை யாராவது வாய் தவறி உண்மைப் பெயரைச் சொல்வார்கள், "ஐயோ" என்று நாக்கைக் கடிப்பார்கள், மற்றவர்கள் கைதட்டுவார்கள். மாலைக்குள் பன்னிரண்டு பெயரும் என் காதில் விழுந்துவிட்டன.

கையேட்டில் 'இருபடி உறுதிப்பாடு' என்று நான் எழுதியிருந்த இடத்தில் எல்லோரும் தடுக்கி நின்றார்கள்.

"ரெண்டாம் பூட்டெண்டு சொல்லுங்களேன் சேர்," என்றார் தேன்குழல். "வீட்டுக்கு ஒண்டு, கேட்டுக்கு ஒண்டு."

மோட்டார் கையேட்டில்கூட எனக்கு இவ்வளவு நல்ல சொல் கிடைத்ததில்லை. பத்தொன்பது சொற்களை அன்று மாற்றினேன்.

தேநீர் இடைவேளையில் முறுக்கு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பால் விடாத தேநீர், கடித்துக்கொள்ளச் சர்க்கரைக்குப் பதில் ஒரு துண்டு பனங்கட்டி. அவர் குடியிருக்கும் மாடிக் குடியிருப்பைப் பற்றி முகநூலில் பெயரில்லாமல் ஒரு பக்கம் ஓடுகிறது. அதை நடத்துவது அவர்தான். தண்ணீர் வராத நாள், எரியாத விளக்கு, பதினொரு மாதமாக ஓடாத மின்தூக்கி எல்லாம் அதில் வரும். அந்தக் கட்டடத்தில் எத்தனை மாடி, அவர் எந்த மாடி என்று இங்கே எழுதப்போவதில்லை. காரணம் பின்னால் வருகிறது.

"லிஃப்ட் திருத்தி முடிஞ்சுதெண்டு கொன்ட்ராக்ட் கம்பெனி எழுதின கடிதம் ஒண்டு இருக்கு சேர். எங்கட குடியிருப்புச் சங்கச் செயலாளரும் அதில சைன் வச்சிருக்கிறார். லிஃப்ட் அசையவே இல்ல! அந்தக் கடிதத்த நான் பக்கத்தில போட்டன். அண்டைக்கே எல்லாரும் ஷெயார் பண்ணிட்டினம். இப்ப பக்கத்த நடத்துறது ஆரெண்டு செயலாளர் தேடுறார்."

"கடிதம் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "வடை சுத்தின பேப்பர். சத்தியமா. எங்கட கேட்டடியில ஒரு வடை வண்டி நிக்கும். ஆரோ கொம்யூனிகேஷன் கடையில ஃபோட்டோக்கொப்பி எடுத்து, சரியா விழாதத விட்டிட்டுப் போயிருக்கினம். அது வண்டிக்கு வந்து, வடையோட என்ர கைக்கு வந்திட்டுது." பிறகு சிரிப்பு நின்றது. "ஆனா நான் வேலை செய்யிறது அதே கொன்ட்ராக்ட் கம்பெனியில கிளார்க்கா. பக்கம் என்ர எண்டு தெரிஞ்சா, ஒபிஸில களவெடுத்தன் எண்டுதான் சொல்லுவினம். வேலை போயிரும். வடைப் பேப்பர்ல கிடைச்சதெண்டா ஆர் சேர் நம்புறது?"

நான் நம்பினேன். முந்தின நாள்தான் ஏழாம் வகுப்புக் கணக்குத் தாளில் வடை தின்றிருந்தேன்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு எழுந்து முந்தின நாளை எழுதினேன். இருபத்தேழு வருடப் பழக்கம். வலது பக்கத்தில் சொற்பட்டியல்: என் சொல், அவர்கள் சொல். இடது பக்கத்தில் வகுப்புக்கு வந்தவர்கள். தின்பண்டப் பெயருக்கு நேரே உண்மைப் பெயரையும் தெரிந்த விவரத்தையும் எழுதினேன். முறுக்குக்கு நேரே பெயர், மாடி எண், 'பக்கத்தை நடத்துபவர், கம்பெனியில் கிளார்க்'. யாரை நினைத்துப் பார்த்தாலும் பெயரில்லாமல் எனக்கு நினைக்க வராது. கோகிலாவின் விதி வகுப்புக்குத்தான், என் நாட்குறிப்புக்கு இல்லை என்று எண்ணிக்கொண்டேன்.

வகுப்பு மூன்று மணிக்கு. சொற்பட்டியலைப் பன்னிரண்டு பேருக்கும் கொடுத்தால் நன்றாக இருக்குமே என்று ஒன்றே முக்காலுக்கே கொட்டாஞ்சேனை போய்விட்டேன். இந்த முறை ஓட்டோ. மண்டபத்துக்கு எதிர்ச் சாரியில் ஒரு கொம்யூனிகேஷன். நம் ஊர் ஜெராக்ஸ் கடைதான். கைப்பேசிக்கு ரீலோடு போடுவதும் பாஸ்போர்ட் படம் எடுப்பதும் ஈமெயில் திறந்து கொடுப்பதும் அங்கேதான். கடைக்காரரை எல்லோரும் நானா என்று கூப்பிட்டார்கள்; முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் அழைப்பார்களாம். மின்விசிறிக்குக் கீழே ஒரு பெரியவர் நாற்காலி போட்டுப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். நானா அவரை "செயலாளர்" என்று அழைத்தார். முறுக்கு சொன்ன ஆள் இவர்தான். அவருக்கு முதுகைக் காட்டி நின்று நாட்குறிப்பை நானாவிடம் விரித்துக் கொடுத்தேன்.

முதல் பிரதி வந்தது. விரித்த நாட்குறிப்பு அல்லவா, இரண்டு பக்கமும் அப்படியே விழுந்திருந்தது. "இடது பக்கம் வேண்டாம்" என்று சொல்லி, ஒரு வெள்ளைத் தாளை வாங்கி, இடது பக்கத்தை மூடி, ஓரத்தைச் சரிபார்த்து, நானே மூடியை அழுத்தினேன். அடுத்தவை சுத்தமாக வந்தன. பன்னிரண்டு. இருமுறை எண்ணினேன். நாட்குறிப்பு மூடிக்கடியில் கிடக்கிறதா என்று தூக்கிப் பார்த்து எடுத்துக்கொண்டேன். இவ்வளவு கவனமாக இருந்ததற்கு என்னை நானே மெச்சிக்கொண்டு வெளியே வந்தேன்.

மண்டபத்தில் கோகிலா கொட்டைக் கிண்ணத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். பிரதிகளை நீட்டினேன். புரட்டினார்.

"வடிவா இருக்கு அண்ணா. இந்தப் பக்கம் ஏன் வெள்ளையா இருக்கு?"

"அதில் வேறு விஷயம் எழுதியிருந்தேன். முதல் பிரதியில் அது விழுந்துவிட்டது. அப்புறம் மூடிவிட்டுத்தான் பன்னிரண்டும்..."

அவர் கையிலிருந்த பிரதிகளை வாங்கி மறுபடி எண்ணினேன்.

"முதல் கொப்பி எங்க?"

அது என் எண்ணிக்கையில் இல்லை. பன்னிரண்டு வேண்டும், பன்னிரண்டு இருந்தது. சரியாக விழாததைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அதில் என்ன இருந்தது என்று சொன்னேன். ஒரே வரியில் முழுவதும் சொன்னேன்.

கோகிலா கோபப்படவில்லை. அதைவிட மோசமாக, செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார். நானும் ஓடினேன்.

கொம்யூனிகேஷனில் நாற்காலி காலி. செயலாளர் இல்லை.

"நானா, இவர் விட்டிட்டுப் போன கொப்பி?"

"பழுதானதா? அதெல்லாம் இந்தப் பொட்டியிலதான் போடுற." நானா அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். காலி. "வடைக்கார அண்ணன் இப்பதான் வந்து அள்ளிக்கிட்டுப் போன. சொல்லுங்க மாஸ்டர், முக்கியமான பேப்பரா?"

முறுக்கின் குடியிருப்பு வாசல் நூறு அடி தள்ளி. ஐம்பத்து நான்கு வயதில் நூறு அடியை அவ்வளவு வேகமாகக் கடந்ததை நானே நம்பவில்லை. வெயில், வழியில் ஒரு மீன் வண்டி, அதன் மேல் ஒரு பூனை. வடை வண்டிக்காரர் பக்கத்து ஜிந்துப்பிட்டிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். எண்ணெயில் கரண்டியைப் போட்டபடியே நிமிர்ந்தார்.

"என்னம்மா, இப்புடி மூச்சு வாங்குது? மொதல்ல தண்ணி குடிங்க."

"அண்ணே, கொம்யூனிகேஷன்ல எடுத்த பேப்பர் எங்க?"

"இந்தா இருக்கு." கல்லுக்கடியில் ஒரு கட்டு. ஒவ்வொரு தாளையும் நடுவில் கிழித்துப் பாதியாக அடுக்கியிருந்தார். நானும் கோகிலாவும் தரையில் உட்கார்ந்து புரட்டினோம். பிறப்புச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், யாரோ ஒருவரின் மருந்துச் சீட்டு, வேலைக்கு எழுதிய விண்ணப்பம். கொட்டாஞ்சேனையின் பாதிக் கதை அந்தக் கட்டில் இருந்தது. என் கையெழுத்து இல்லை.

"என்னய்யா தேடுறீங்க, லொத்தர் சீட்டா?"

"மேலே இருந்தது யாருக்குப் போயிற்று?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம கூட்டத்துல யாருன்னு சொல்றது? மொத பொட்டலம் மேல செயலாளர் ஐயாவுக்கு. அவருதான் தெனமும் மொத வடை. இப்பதான் மேல ஏறிப் போனாரு."

மின்தூக்கிக் கதவில் 'திருத்தப்பட்டது' என்று ஒரு அட்டை தொங்கியது. படியேறினோம். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் முறுக்கு சொன்னது நினைவுக்கு வந்தது: வேலை போயிரும். அவரை நான் பார்த்து ஒரு நாள்தான் ஆகிறது. பேருந்தில் வழி தவறியவனுக்கு வழி காட்டினார். அவருடைய வேலையை நான் என் அழகான கையெழுத்தில் எழுதி, அவர் யாருக்குப் பயந்தாரோ அவருக்கே வடையோடு அனுப்பியிருக்கிறேன்.

செயலாளர் கதவைத் திறந்தார். ஒரு கையில் பாதி வடை, மறு கையில் எண்ணெய் ஊறிய தாள். என் கையெழுத்தை அடையாளம் கண்டுகொண்டேன்.

"ஆ, ஃபோட்டோக்கொப்பி மாஸ்டர்! உங்களத்தான் நினைச்சன்." தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். "இது உங்கட எழுத்துத்தானே? ரெண்டாம் பூட்டெண்டு போட்டிருக்கு. இதென்ன பூட்டு?"

வலது பாதி! சொற்பட்டியல் மட்டும்.

கோகிலா ஒரு மூச்சு இழுத்தார். பிறகு, வகுப்பில் சொல்வது போலவே நிதானமாக விளக்கினார். கைப்பேசிக் கணக்குக்குக் கடவுச்சொல் ஒரு பூட்டு. அதற்குமேல் நம்முடைய கைப்பேசிக்கே வரும் எண் இரண்டாம் பூட்டு. செயலாளர் வடையை மறந்து கேட்டார்.

"மிஸ், என்ர ஃபேஸ்புக்க ஆரோ பிடிச்சிட்டான். வெளிநாட்டில சிக்கிட்டன், உதவி செய்யுங்கோ எண்டு என்ர பேர்ல எல்லாருக்கும் மெசேஜ் போகுது. நான் கொட்டாஞ்சேனைய விட்டு ஒரு மாசமா வெளிய போகேல்ல! இந்தப் பூட்ட எனக்கும் போட்டுத் தருவீங்களோ?"

"திங்கக்கிழமை வெள்ளவத்தைக்கு வாங்கோ அங்கிள். பேப்பரைத் தாங்கோ, எண்ணெய் பட்டுப்போச்சு, நல்லதொண்டு தாறன்." பன்னிரண்டில் ஒன்றைக் கொடுத்துவிட்டு எண்ணெய்த் தாளை வாங்கிக்கொண்டார். கதவு மூடியதும் படியில் உட்கார்ந்துவிட்டார். "ஆளைப் பாத்து வகுப்பெடுக்க ஏலாது அண்ணா. பூட்டு எல்லாருக்கும் வேணும்."

இடது பாதி இன்னும் வெளியில் இருந்தது. கீழே வந்து குப்பைத் தொட்டியைக்கூடப் பார்த்தோம். மூன்று பத்தாகிவிட்டது. இனி முறுக்கிடமே சொல்வதுதான் முறை என்றேன். "ஓம். நீங்கள்தான் சொல்லோணும்," என்றார் கோகிலா.

மண்டபத்தில் எல்லோரும் வந்திருந்தார்கள். போத்தலில் பன்னிரண்டு கொட்டை. மேசையில் சூடான வடைக் குவியல். முறுக்கு எல்லோருக்கும் எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் ஒரு தவறு செய்துவிட்டேன்," என்று தொடங்கினேன்.

"தெரியும் சேர். முதல்ல வடை எடுங்க."

கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்தார். இடது பாதி. எண்ணெயில் ஓரம் மட்டும் ஊறியிருந்தது. எழுத்து அப்படியே இருந்தது. தேன்குழலின் உண்மைப் பெயரும் அவருடையதும் நேர்க்கோட்டில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல்.

"அந்தக் கடிதம் கிடைச்ச நாளில இருந்து வடைக்காரர் பேப்பர் கொண்டு வந்தா முதல்ல நான்தான் பாக்கிறது. வடை வாங்குறது சாட்டு. இண்டைக்குச் செயலாளருக்கு அடுத்த ஆள் நான். உங்கட எழுத்து நல்ல வடிவு சேர். ஒருத்தருக்கும் சந்தேகமே வராம வாசிக்கலாம்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் தாளை மறுபடி மடித்தார். "கேட்டடியில நிண்டு என்ர பேர வாசிக்கேக்க நெஞ்சு நிண்டிட்டுது. எனக்கு மட்டுமில்ல, இவ்வளவு பேருக்கும்."

பன்னிரண்டு பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். நாட்குறிப்பைத் திறந்து அந்தத் தாளைக் கிழித்தேன். இருபத்தேழு வருடத்தில் நான் கிழித்த முதல் தாள். மறுபுறம் எழுதியிருந்த வெள்ளிக்கிழமைக் குறிப்பு போனாலும் பரவாயில்லை. கோப்பை கழுவும் வாளியில் எல்லாவற்றையும் போட்டு, கூழாகும் வரை முறுக்கு தானே பிசைந்தார். மாலு பாண் வந்து எட்டிப் பார்த்து, "இடியப்பம் பிழியலாம்" என்றதும்தான் மண்டபத்தில் சிரிப்பு வந்தது.

"சேருக்கு இன்னும் பேர் வைக்கேல்ல," என்றார் முறுக்கு, கையைத் துடைத்துக்கொண்டு.

"பருப்பு வடை!" என்றார் தேன்குழல். வாக்கெடுப்புகூட நடக்கவில்லை. நான் வாசலுக்குப் போய் ஒரு புளியங்கொட்டையை எடுத்துப் போத்தலில் போட்டேன். பதின்மூன்று.

*

திங்கட்கிழமை காலை அந்த முகநூல் பக்கத்தில் புதிய படம் ஒன்று வந்திருந்தது. மின்தூக்கிக் கதவில் தொங்கும் 'திருத்தப்பட்டது' அட்டை, அதன் முன்னால் இரண்டு கையிலும் பையோடு படியேறும் ஒருவரின் கால்கள் மட்டும். செயலாளர் பத்து மணிக்கு அலுவலகத்துக்கு வந்து இரண்டாம் பூட்டைப் போட்டுக்கொண்டார். போகும்போது அந்தப் படத்தைக் கோகிலாவிடம் காட்டி, "இது ஆர் செய்யிற வேலையெண்டு கண்டுபிடிக்க ஏலுமோ மிஸ்?" என்று கேட்டார்.

"ஏலாது அங்கிள். அந்தப் பூட்டைத்தானே இப்ப உங்களுக்கும் போட்டுத் தந்தனான்," என்றார் கோகிலா.

ஊர் திரும்பியதும் வழக்கம்போல் என் மனைவி நாட்குறிப்பை எடுத்துப் படித்தாள். கிழிந்த இடத்துக்கு அடுத்து நான் புதிதாக எழுதிய பக்கம். 'சனி. பேருந்தில் முறுக்கைச் சந்தித்தேன். தேன்குழல் ஒரு நல்ல சொல் தந்தது. ஞாயிறு. முறுக்குக்குப் பெரிய ஆபத்து; தப்பியது. பருப்பு வடை எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டது.'

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "நாலு நாள் வெளிநாடு போய் இதைத்தான் செஞ்சீங்களா? தின்னுட்டு மட்டும் வந்திருக்கீங்க."

"ஆமாம்," என்றேன்.

"அந்த முறுக்கு யாரு?"

"முறுக்குதான்," என்று சொல்லிவிட்டு, நாட்குறிப்பை வாங்கி அலமாரியில் வைத்தேன்.